கட்டம் போட்ட பூவுக்குத் தோட்டம் அந்நியமில்லை

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் பிறந்தால் இங்கிலாந்து, ஜெர்மனி, நெதர்லாந்து நர்சரிகளில் கொக்கிகளில் சின்னச் சின்னப் பைகள் தொங்க ஆரம்பிக்கும். பைக்குள் சின்ன வெங்காயத்தில் பாதி அளவு, காப்புத் தோல் என்று சொல்லும்படி எதுவும் இல்லாத, மங்கிய வெள்ளைக் கிழங்குகள் பத்தோ இருபத்தைந்தோ மரத்தூளில் புதைந்து கிடக்கும். பையின் மேல் அச்சடித்த படத்தில் ஊதா நிறத்தில் கட்டம் போட்ட மணி ஒன்று தலைகீழாகத் தொங்கும். வாங்கிப் போகிறவர்களில் ரொம்பப் பேர் அடுத்த ஏப்ரலில் அந்தப் படத்தை மட்டும்தான் மறுபடி பார்க்கிறார்கள். பூவைப் பார்ப்பதில்லை.

இந்தப் பூவின் தாவரவியல் பெயர் ஃப்ரிட்டில்லாரியா மெலியாகிரிஸ். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது, இருக்கவேண்டிய காரணமும் இல்லை. குளிர்காலத்தில் மண் சில்லிட்டுப் போகிற ஊர்களின் பூ இது. பேச்சு வசதிக்காகக் கட்டமணிப்பூ என்று வைத்துக்கொண்டால் குற்றமில்லை.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. "அழிந்துவரும் பூ, வீட்டுக்கு வீடு பத்துக் கிழங்கு நட்டால் காப்பாற்றிவிடலாம்" என்பது ஒன்று. "இது ஆற்றோரப் புல்வெளியின் காட்டுப்பூ, இதைத் தோட்டத்தில் வைப்பது கிளியைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது மாதிரி" என்பது இன்னொன்று. முதல் கட்சி அப்பாவிக் கட்சி. இரண்டாவது கட்சி தன்னைப் பெரிய விவரசாலியாக நினைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் அதற்கு இந்தப் பூவின் வரலாறு தெரியவில்லை. கட்டமணிப்பூவை வீட்டுத் தோட்டத்தில் தாராளமாக வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். ஒரே நிபந்தனை: பாத்தி கட்டி ரோஜாவுக்குப் பக்கத்தில் சொருகி வைக்காமல், புல்லுக்குள் நட்டு, ஆற்றோரப் புல்வெளியின் வேலைக் கணக்கை அந்தத் துண்டு நிலத்திலும் அப்படியே நடத்தவேண்டும். அது முடியாதவர்கள் செம்பருத்தியோ செவ்வந்தியோ எதையாவது வளர்த்துக்கொள்ளட்டும்.

பூவின் உருவத்தைச் சொல்லாமல் மேலே போகமுடியாது. ஒரு அடி உயரம் இருக்கும். சில இடங்களில் அதுவும் இருக்காது. தண்டு மெல்லிசு, இலை புல் போலக் குறுகல், சாம்பல் பூத்த பச்சை. அந்த ஒல்லித் தண்டின் நுனியில் கழுத்தைக் குனிந்துகொண்டு ஒரே ஒரு மணி, சில சமயம் இரண்டு. மணியின் ஆறு இதழ்களிலும் அடர் ஊதாவும் வெளிர் ஊதாவும் மாறி மாறிக் கட்டம் கட்டமாக, யாரோ உட்கார்ந்து அளவுகோல் வைத்து வரைந்த மாதிரி. புள்ளி போட்ட பூக்கள் உலகில் நிறைய. கோடு போட்ட பூக்களும் நிறைய. கட்டம் போட்ட கைலி மாதிரி ஒரு பூ என்பது அபூர்வம். கூட்டத்தில் அங்கங்கே சுத்த வெள்ளைப் பூக்களும் வரும். அவற்றிலும் உற்றுப் பார்த்தால் பச்சை நரம்புகள் தெரியும்.

பார்த்தவர்கள் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைப் பூவின் மேல் ஏற்றிப் பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீனில் ஃப்ரிட்டில்லஸ் என்றால் பகடை போட்டுக் குலுக்கும் குவளை. மெலியாகிரிஸ் என்றால் கினிக்கோழி, அதன் இறகுப் புள்ளிகளுக்காக. பிரெஞ்சுக்காரர்களும் கினிக்கோழியையே பிடித்துக்கொண்டார்கள். ஜெர்மானியருக்கு இது சதுரங்கப் பலகைப் பூ. டச்சுக்காரர்கள் ஆள்காட்டிப் பறவைக்கு உறவான ஒரு பறவையின் பெயரை வைத்தார்கள். அதன் முட்டையும் இப்படித்தான் திட்டுத் திட்டாக இருக்கும், அதுவும் இதே ஈரப் புல்வெளியில்தான் முட்டையிடும். ஆங்கிலேயருக்கு, விரிவதற்கு முன் தொங்கும் மொட்டு பாம்புத் தலையாகத் தெரிந்தது. தொழுநோயாளிகள் அந்தக் காலத்தில் தங்கள் வரவை அறிவிக்க ஆட்டிக்கொண்டு போன மணியின் பெயரும் இதற்கு உண்டு. அழகான பூவுக்கு இத்தனை அமங்கலமான பெயர்கள் வைத்தவர்கள் ஆங்கிலேயராகத்தான் இருப்பார்கள்.

அமங்கலம் என்பதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கிழங்கு விஷம், இதயத்தைப் பாதிக்கும் ஆல்கலாய்டுகள் உள்ளது. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளும் அப்படித்தான், கிழங்கு முழுக்க விஷம். இரண்டையும் முன்பு ஒரே அல்லிக் குடும்பத்தில் வைத்திருந்தார்கள். பிறகு குடும்பத்தைப் பிரித்துவிட்டாலும் தாவரவியலில் இரண்டும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஆக ரொம்ப தூரத்து அந்நியம் என்றும் சொல்லமுடியாது.

இனி வரலாறு. 1570-களில் பிரான்சின் ஓர்லியான் நகரத்தில் நோயல் காப்பெரோன் என்று ஒரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். அவர்தான் பக்கத்துப் புல்வெளிகளில் இந்தப் பூவைக் கவனித்து, கரோலஸ் க்ளூசியஸ் போன்ற அன்றைய தாவர அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனவர். 1572-ல் பிரான்சில் புராட்டஸ்டண்ட் மக்களைக் கொன்று குவித்த பர்த்தலோமியோ தினப் படுகொலையில் அவரும் பலியானார் என்று பழைய ஆங்கிலத் தோட்ட நூல்கள் சொல்கின்றன. பூவுக்குக் கொஞ்ச காலம் அவர் பெயரும் இருந்தது. பிறகு அதுவும் மறைந்துபோனது. 1597-ல் லண்டனில் ஜான் ஜெரார்ட் தன் புகழ்பெற்ற மூலிகை நூலை வெளியிட்டபோது, பூ ஏற்கனவே லண்டன் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சுவாரசியம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. இங்கிலாந்தில் தோட்டத்துக்கு வெளியே, காட்டில் முளைத்ததாக இந்தப் பூவுக்குக் கிடைக்கும் முதல் பதிவு 1736-ஆம் வருடத்தது. லண்டனுக்கு மேற்கே, மிடில்செக்ஸ் பகுதியில். அதற்கு முன் நூற்றைம்பது வருடங்களாக ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு புல்லையும் எழுதிவைத்தவர்கள் ஒருவர்கூட, ஏப்ரலில் ஏக்கர் கணக்கில் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் இதைக் காட்டுப்பூவாக எழுதவில்லை. கண்ணில் படாமல் தப்பிக்கக்கூடிய பூவா இது? அதனால்தான் பல தாவரவியலாளர்கள், இது தோட்டத்திலிருந்து தப்பித்து வெளியே போன பூ என்கிறார்கள். எதிர்த்தரப்பு விடுவதாயில்லை. புல்லறுக்கும் வெளிகளில் வசந்தகாலத்தில் யாரையும் கால்வைக்க விடமாட்டார்கள், புல் மிதிபட்டால் விவசாயிக்கு நஷ்டம், அதனால் அறிஞர்கள் உள்ளே போயே இருக்கமாட்டார்கள் என்பது ஒரு வாதம். பனியுகம் முடிந்த காலத்தில் பிரிட்டன் ஐரோப்பாவோடு நிலத்தால் ஒட்டியிருந்ததே, அப்போதே வந்திருக்கலாமே என்பது இன்னொன்று.

யோசித்துப் பார்த்தால் 1736 கணக்குக்குத்தான் வலு அதிகம். மருந்துக்கும் தீவனத்துக்கும் மூலை முடுக்கெல்லாம் செடி தேடிய ஒரு தேசத்தில், எல்லாப் புல்வெளிகளும் எல்லா அறிஞர்களுக்கும் நூற்றைம்பது வருடம் கதவடைத்தன என்பதை நம்புவது கஷ்டம்.

ஆனால் அதனால் என்ன குறைந்துவிட்டது? ஸ்வீடனைப் பார்க்கலாம். உப்சாலா நகரத்தில் 1655-ல் ஓலோஃப் ருட்பெக் ஒரு தாவரவியல் தோட்டம் அமைத்தார். அந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட பூ மெதுவாக வெளியேறி, ஊருக்குத் தெற்கே ஆற்றங்கரையில் ராஜாவின் புல்வெளி என்று பெயர்கொண்ட இடத்தில் குடியேறிப் பெருகியது. ஸ்வீடிஷ் மொழியில் பூவின் பெயரே அந்தப் புல்வெளியின் பெயர்தான். இன்று உப்லாந்து மாகாணத்தின் அடையாளப் பூ அது. அந்த நிலம் இயற்கைக் காப்பகம். தோட்டத்திலிருந்து ஓடிப்போன பூ என்று அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை. இங்கிலாந்தில் மட்டும், பூர்வீகமா வந்தேறியா என்ற சண்டை பூவின் பாதுகாப்புக்கே வேட்டு வைக்கும் அளவுக்குப் போகிறது. பூர்வீகப் பட்டியலில் இல்லாத செடியைக் காப்பாற்ற ஏன் செலவழிக்கவேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இருநூறு, முந்நூறு வருடம் ஒரே மண்ணில் வெள்ளத்தையும் மாட்டையும் அரிவாளையும் தாங்கி நின்ற செடிக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பது அதிகாரிகளின் வியாதி.

எப்படிப் பார்த்தாலும் கிளிக்கூண்டு வாதம் இதோடு அடிபட்டுப் போகிறது. ஸ்வீடனில் நிச்சயமாக, இங்கிலாந்தில் பெரும்பாலும், தோட்டம்தான் இந்தப் பூவின் பிறந்தவீடு. புல்வெளிதான் புகுந்தவீடு.

புகுந்தவீட்டில் அது ஏன் அத்தனை நன்றாக வாழ்ந்தது என்பதுதான் தோட்டக்காரர்கள் படிக்கவேண்டிய பாடம். வில்ட்ஷையர் மாவட்டத்தில் க்ரிக்லேட் என்று ஒரு சின்ன ஊர். தேம்ஸ் ஆறு அங்கே இன்னும் குழந்தை. அதற்கும் சர்ன் என்ற இன்னொரு சிற்றாறுக்கும் நடுவில் வடக்குப் புல்வெளி என்று சுமார் 44 ஹெக்டேர் நிலம் இருக்கிறது. பிரிட்டனில் காட்டுப்பூவாக மிஞ்சியிருக்கும் கட்டமணிப்பூக்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்த ஒரே இடத்தில் என்று கணக்கிடுகிறார்கள். ஏப்ரல் நடுவில் போனால், லட்சக்கணக்கில் தலை குனிந்து நிற்கும்.

அங்கே பூவுக்காக யாரும் எதையும் செய்யவில்லை, செய்ததெல்லாம் மாட்டுக்காக. குளிர்காலத்தில் ஆறு கரைமீறி வந்து வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். பிப்ரவரி 12-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு மாடோ குதிரையோ உள்ளே வரக்கூடாது. புல் வளரும், கூடவே பூவும் வளரும். ஏப்ரலில் பூக்கும், ஜூன் கடைசிக்குள் விதை முற்றிக் கொட்டிவிடும், இலை மஞ்சளித்துப் படுத்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கப் போன பிறகு, ஜூலையில் புல்லை அறுத்து வெயிலில் காயவைத்துத் தீவனத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். யாருடைய பங்கு எதுவரை என்பதைக் காட்டும் எல்லைக் கற்கள் இன்னும் அங்கே நிற்கின்றன. ஆகஸ்ட் 12 வந்தால் ஊர்க்காரர்களின் மாடு, குதிரைகளுக்கு நிலம் திறந்துவிடப்படும். அவை மேய்ந்து புல்லை ஒட்ட வைக்கும், குளம்பால் மண்ணைக் கிளறி விதைக்கு இடம் பண்ணும். மறுபடி பிப்ரவரி வந்ததும் வாசல் மூடும். (உண்மையில் அந்தத் தேதி ஆகஸ்ட் 1-ஆகத்தான் இருந்தது. 1752-ல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்திப் பதினொரு நாட்களை விழுங்கியபோது, மாடுகள் மட்டும் பழைய கணக்கை விடவில்லை.) இந்த உரிமைகளையெல்லாம் கவனித்துக்கொள்ள, மத்தியகாலத்து வழக்கப்படி ஊர்மன்றம் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது.

ஆக, இந்தப் பூவின் காலண்டரும் அரிவாளின் காலண்டரும் பல்லுக்குப் பல் பொருந்துகிற சக்கரங்கள். பூ தூங்கும்போது மனிதன் வேலை செய்கிறான், மனிதன் ஒதுங்கும்போது பூ விழிக்கிறது. யாரும் அறுக்காமல், மேய்க்காமல் அப்படியே "இயற்கையாக" விட்டால் கோரையும் முரட்டுப் புல்லும் புதரும் ஏறி, பூ காணாமல் போகும். மனிதன் கை படாத காட்டுப்பூ என்ற கற்பனைக்கு இங்கே இடமே இல்லை.

இந்தப் பொருத்தம் எப்படி உடைந்தது என்பது சோகக் கதை, ஆனால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப்போரில் உணவுக்காகப் புல்வெளிகளை உழுதார்கள். போருக்குப் பின் வாய்க்கால் வெட்டி ஈரத்தை வடித்தார்கள். ரசாயன உரம் போட்டார்கள், உரம் புல்லுக்குத்தான் லாபம், பூ மூச்சுத் திணறியது. காய்ந்த புல்லுக்குப் பதில் பச்சைப்புல்லைப் பதப்படுத்தும் முறை வந்ததும் மே மாதமே அறுக்க ஆரம்பித்தார்கள், விதை முற்றுவதற்கு முன்பே. 1930-களிலிருந்து 1984-க்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூக்கள் நிறைந்த பழைய புல்வெளிகளில் 97 சதவீதம் போய்விட்டது என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அதற்கும் முன்னால், கட்டுக் கட்டாகப் பறித்து லண்டன் சந்தையில் விற்ற காலமும் இருந்தது. ஆனால் பறித்தவர்கள் பூவைத்தான் எடுத்துப்போனார்கள், கலப்பை வீட்டையே எடுத்துப்போனது.

திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கும் சாட்சி உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு நகரத்தின் ஓரத்தில் இஃப்லி புல்வெளியை 1983-ல் வனஉயிர் அறக்கட்டளை ஒன்று கவனிக்க ஆரம்பித்தபோது அங்கே எண்ணிய பூக்கள் சுமார் 500. அறுப்பையும் மேய்ச்சலையும் பழைய முறைக்குத் திருப்பிய பிறகு, நல்ல வருடங்களில் எண்ணிக்கை பல்லாயிரத்தைத் தொடுகிறது. தொண்டர்கள் வரிசையாக நடந்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள், பாவம்.

இப்போது வீட்டுத் தோட்டத்துக்குத் திரும்பினால், பைக்கிழங்கு ஏன் பூப்பதில்லை என்பது தானாகவே விளங்கும். முதல் காரணம் கடையிலேயே நடந்துவிடுகிறது. துலிப் கிழங்குக்குக் காகிதம் மாதிரித் தோல் உண்டு, மாதக்கணக்கில் தாங்கும். கட்டமணிப்பூக் கிழங்கு இரண்டு மூன்று சதைப்பற்றான செதில்கள் சேர்ந்தது, அவ்வளவுதான். கடையின் சூட்டில் ஆறு வாரம் தொங்கினால் ஈரம் வற்றிச் சுருங்கிவிடும். நவம்பரில் பாதி விலைக்குத் தள்ளுபடியில் வாங்குகிறவர்கள் பாதி பிணத்தை வாங்குகிறார்கள். செப்டம்பரில் வந்த உடனே, அமுக்கிப் பார்த்தால் கெட்டியாக இருப்பதைப் பொறுக்கி, அன்றோ மறுநாளோ மண்ணுக்குள் வைத்துவிடவேண்டும். இலையுதிர்காலத்திலேயே அது வேர்விட ஆரம்பிக்கிற ஜாதி. ஆழம் ஒரு 10 சென்டிமீட்டர், இடைவெளியும் ஏறக்குறைய அதே. இந்தப் பூவின் பெரிய அண்ணன், கிரீடம் வைத்த ஃப்ரிட்டில்லாரியா என்று ஒன்று உண்டு. அதன் கிழங்கின் நடுவில் குழி இருப்பதால் தண்ணீர் தேங்காமல் சாய்த்து நடச் சொல்வார்கள். அந்த யோசனையை இதற்கும் சேர்த்து எழுதிவைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. தண்ணீரைக் கண்டு பயப்படுகிற பூவா இது, வெள்ளத்தில் வாழ்ந்த பூ.

பணம் கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை என்றால், வசந்தத்தில் தொட்டியில் வளர்ந்து நிற்கும் செடியாக வாங்கி நடுவது இன்னும் நிச்சயம். எப்படி வாங்கினாலும் நர்சரியில் பெருக்கியது என்று உறுதியாகத் தெரிந்ததையே வாங்கவேண்டும். பிரிட்டனில் நிலச்சொந்தக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச்செடி எதையும் வேரோடு பிடுங்குவது 1981-ஆம் வருடச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது காரணம் இடம். நல்ல வடிகால் உள்ள, காலையும் மாலையும் கொத்திவிட்ட பாத்தியில், கோடையில் மண் பொடிப்பொடியாகக் காயும். அங்கே இது இரண்டு வருடம் பூக்கும், மூன்றாம் வருடம் இருந்த இடம் தெரியாது. புல்லுக்குள் மண் ஈரம் காக்கும். குட்டை ஓரம், பழமரத்தடி, மழைத்தண்ணீர் கொஞ்சம் நிற்கிற தாழ்ந்த மூலை, மற்ற செடிகள் எல்லாம் அழுகிப்போகிறது என்று தோட்டக்காரர் சபிக்கிற இடம் எதுவோ அதுதான் இதற்கு ராஜாங்கம்.

புல் ரொம்ப முரடாக இருந்தால் அதை அடக்கவும் வழியிருக்கிறது. ரைனாந்தஸ் என்று மஞ்சள் பூப்பூக்கும் ஒரு செடி, புல்லின் வேரில் வேரைச் செருகிச் சத்தை உறிஞ்சும் பாதி ஒட்டுண்ணி. தமிழ்நாட்டில் சோளக்கொல்லையில் முளைத்து விவசாயியை அழவைக்கும் சுடுமல்லியின் குடும்பம்தான். அங்கே வில்லன், இங்கே நண்பன். இலையுதிர்காலத்தில் புல்லைச் சுரண்டி மண் தெரியச் செய்து அதன் விதையைத் தூவினால், இரண்டு மூன்று வருடத்தில் புல் மெலிந்து பூக்களுக்கு வழிவிடும். உரம் மட்டும் கூடவே கூடாது.

மூன்றாவது காரணம்தான் உண்மையான வில்லன்: ஞாயிற்றுக்கிழமைதோறும் புல்வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு புறப்படும் வீட்டுக்காரர். பூ முடிந்துவிட்டதே என்று மே மாதம் வெட்டினால், இலை போகும், விதை போகும். இலை சமைத்துக் கொடுக்கும் சோறுதான் அடுத்த வருடத்துக் கிழங்கு. சோறில்லாத கிழங்கு சுருங்கும், சுருங்கிய கிழங்கு பூக்காது, ஒரு மெல்லிய இலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். மே மாதம் முழுக்க வெட்டாதீர்கள் என்று பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019-ல் ஆரம்பித்த இயக்கம் பிரிட்டனில் பிரபலம். நல்ல காரியம்தான். ஆனால் ஜூன் 1-ஆம் தேதி காலையில் சபதம் முடிந்ததென்று மெஷினை எடுக்கிறவர்களால் கட்டமணிப்பூவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அப்போது விதை பச்சையாக இருக்கும். தள்ளிப் போட்டது நாலு வாரம், கிடைத்தது அதே சாவு.

அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பது சின்ன விஷயமில்லை. முழங்கால் உயரம் புல் வளர்ந்த முன்வாசல், அந்த ஊர்களில் சோம்பேறியின் அடையாளம். சசெக்ஸில் க்ரேட் டிக்ஸ்டர் என்று ஒரு வீடு உண்டு. அதைப் புதுப்பித்துக் கட்டியவர், பின்னால் புதுடெல்லியை வடிவமைத்த அதே லுட்யன்ஸ். அந்த வீட்டு எஜமானி டெய்சி லாய்ட் கட்டமணிப்பூவை விதையிலிருந்து தட்டுகளில் வளர்த்து, புல்லுக்குள் நட்டார். அவர் மகன் கிறிஸ்டோஃபர் லாய்ட், 2006-ல் இறக்கும்வரை அந்தப் புல்வெளிகளை வெட்டவிடாமல் காத்தார். வீட்டு வாசலுக்குப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் புல்தான். பணக்கார வீட்டு வாசலில் இதென்ன கோலம் என்று முகம் சுளித்த பார்வையாளர்கள் இருந்தார்கள். இன்று அந்த வாசலைப் பார்க்கவே டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். டிக்ஸ்டர் அளவு வசதி இல்லாதவர்கள், தோட்டம் முழுவதையும் விடவேண்டியதில்லை. நான்கடிக்கு நான்கடி மூலையை விட்டு, அதைச் சுற்றி மட்டும் ஒழுங்காக வெட்டிவைத்தால் போதும். வேண்டுமென்றே விட்டது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிந்துவிடும்.

வண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏப்ரலில் அரக்குச் சிவப்பில் பளபளவென்று ஒரு வண்டு வந்து உட்காரும், லில்லி வண்டு. பார்க்க அழகு, இலையை மொட்டையாக்கிவிடும். அதன் புழு தன் மலத்தையே உடம்பில் பூசிக்கொண்டு ஒளிந்திருக்கும், பறவைகூடத் தொடாது. மருந்தடித்தால், பூவைத் தேடி வரும் ராணி வண்டுத்தேனீக்களும் சேர்ந்து சாகும். கையால் பிடிப்பதே மேல். ஆனால் கை நிழல் பட்டதும் வண்டு மல்லாந்து விழும், அடிவயிறு கறுப்பு, மண்ணோடு மண்ணாகிவிடும். அதனால் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டுதான் மேலே கையை நீட்டவேண்டும். பிடித்தால் கீச்சென்று சத்தம் போடும், இரக்கப்படக்கூடாது.

முதல் கட்சிக்குச் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி. தோட்டத்தில் நூறு கிழங்கு நட்டவர், க்ரிக்லேட்டைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. அந்த 44 ஹெக்டேரில் இந்தப் பூவோடு நூற்றுக்கணக்கான வேறு செடிகள், பூச்சிகள், ஒரு ஆற்றின் போக்கு, ஊரின் மேய்ச்சல் உரிமை எல்லாம் சேர்ந்து கிடக்கின்றன. கோடையில் மழை கொட்டித் தீர்த்த 2007, 2012 மாதிரி வருடங்களில் ஆற்றோர வெளிகளில் புல்லறுப்பே கெட்டுப்போகிறது. அதைச் சரிசெய்ய எந்தத் தோட்டத்தாலும் முடியாது. அதைவிட மோசம், ஆர்வக்கோளாறில் நர்சரிக் கிழங்கை மூட்டையாக வாங்கிப் பொதுப் புல்வெளியில் நட்டுவிட்டு வருவது. நூற்றாண்டுகளாக ஒரே ஆற்றோரம் விதையில் பெருகிவந்த கூட்டத்தோடு, தொழிற்சாலை மாதிரிப் பண்ணைகளில் பெருக்கிய கூட்டம் கலந்துவிடும். எது பழசு எது புதுசு என்று பிறகு எந்த ஆராய்ச்சியாளராலும் பிரிக்கமுடியாது. ஏற்கனவே 1736-ஐ வைத்து அடித்துக்கொள்கிற தேசத்தில் இது தேவையா? தோட்டத்துப் பூ வேலிக்குள் இருக்கட்டும். புல்வெளிக்கு உதவ நினைப்பவர்கள், அதைப் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு ஐந்தோ பத்தோ பவுண்டு அனுப்பலாம், எண்ணும் நாளில் போய் எண்ணிக் கொடுக்கலாம்.

தோட்டத்தால் முடிகிற காரியம் வேறு. 1915-ல் ஸ்காட்லாந்துக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் ரென்னி மாக்கின்டாஷ், சஃபோக் கடற்கரைக் கிராமமான வால்பர்ஸ்விக்கில் வேலையில்லாமல் தங்கியிருந்தபோது இந்தப் பூவை வரைந்தார். வீட்டையும் நாற்காலியையும் கட்டம் கட்டமாக வடிவமைத்தே பேர் வாங்கிய மனுஷனுக்கு, கட்டத்தோடு பிறந்த பூவைப் பார்த்ததும் எப்படியிருந்திருக்கும்! (இருட்டில் கடற்கரையில் உலாவிய அவரை ஜெர்மன் ஒற்றர் என்று ஊர் சந்தேகித்தது தனிக்கதை.) அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பை 97 சதவீதம் போன பிறகு புல்வெளி எல்லோருக்கும் தரமுடியாது. மிச்சமிருக்கும் இடத்தில் பாதையைவிட்டு இறங்கினாலே நாற்று மிதிபடும். வீட்டுப் பின்புறம் தரும். ஒரு குழந்தை குப்புறப் படுத்து, மணிக்குள் தலையை நுழைக்கும் தேனீயைப் பார்க்கலாம்.

விதைக்குப் பொறுமை வேண்டும். முதல் வருடம் நூல் மாதிரி ஒரே இலை, களையென்று பிடுங்கத் தோன்றும். பூக்கக் குறைந்தது மூன்று நான்கு வருடம், பெரும்பாலும் அதற்கும் மேல். ஆனால் ஒருமுறை தானாக விழுந்த விதை தானாகப் பூத்துவிட்டால், அதற்குப்பின் அந்த வீட்டுக்குப் பைக்கிழங்கு தேவைப்படாது. எப்போது வெட்டலாம் என்பதற்கும் நாட்காட்டி பார்க்கவேண்டாம், செடியே சொல்லும். பூவாக இருக்கும்வரை தலைகுனிந்து தொங்கிய தண்டு, கருத்தரித்ததும் மெல்ல நிமிர ஆரம்பிக்கும். ஜூன் கடைசியில் காய்கள் எல்லாம் வானத்தைப் பார்த்து நேராக நிற்கும். காய்ந்து, பழுப்பாகி, மேலே மூன்றாகப் பிளந்து, காற்றடித்தால் உள்ளே தட்டைத் தட்டையான விதைகள் சலசலக்கும். இரண்டு மூன்று காய்களைக் கையால் தட்டிப் பார்த்து, உள்ளே ஒன்றுமில்லை என்றால் மெஷினை வெளியே எடுக்கலாம். வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் வாரி எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் அதுவே உரமாகிவிடும்.